வீட்டில் தமிழே பேசுங்கள், கடைக்குத் தனியாகப் போங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். கணவருக்கு 62, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவையில் இருக்கிறோம். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஊரடங்குக் காலத்தில் பொழுதுபோக்காக இத்தாலிய மொழி படிக்க ஆரம்பித்து, இப்போது ஏ2 என்ற இரண்டாம் தொடக்க நிலை முடித்திருக்கிறேன். அவருக்கு ‘சாவ்’ என்ற வணக்கச் சொல் தவிர ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கூடவே வந்து படிக்கத் தயார் என்கிறார். ஆறு மாதம் இத்தாலியில் ஒரே ஊரில் தங்கிப் படிக்க ஆசை. ஃபிளாரன்ஸா, பெருஜாவா? ஆறு மாதத்துக்கு விசா கிடைக்குமா? இருவரும் ஒரே வகுப்பில் சேர முடியுமா? அவருக்கு மூட்டுவலி உண்டு. இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் பேசக் கூச்சமும் உண்டு. நான் சைவம், அவர் முட்டை மட்டும் சாப்பிடுவார். போய் இறங்கிய நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் இத்தாலியத்தில் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். திரும்புவதற்குள் அடுத்த படியான பி1 தேர்வு எழுதலாமா?

பதில்: வணக்கம் அம்மா. விசா, வீடு, ஊர் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டுக்குள்ளும் இத்தாலியம் மட்டுமே என்று முடிவு எடுத்திருக்கிறீர்களே, அதை இன்றைக்கே கைவிட்டுவிடுங்கள்.

இருபது வருடமாக இத்தாலியம் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பதியாகப் போய்ப் படித்துவிட்டு வந்த மாணவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இந்தச் சபதத்தை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிந்துவிடும். முடியாமல் தொடர்ந்தால் இன்னும் மோசம். அரைகுறையாகத் தெரிந்த இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசி, ஒருவர் தப்பை இன்னொருவர் பழக்கமாக்கிக்கொள்வார்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஓர் இத்தாலியம் உருவாகும். அதை வைத்துக்கொண்டு ஒரு காய்கறிக் கடையில்கூடப் பேச முடியாது. அப்புறம், இத்தனை வருடக் குடித்தனத்தை ஏ1 நிலைச் சொற்களில் நடத்த முடியுமா? ராத்திரி முட்டி வலிக்கிறது என்று சார் முனகுவதற்கு முன்னால் வினைச்சொல் தேட வேண்டுமா? வீட்டுக்குள் தமிழே பேசுங்கள். குற்ற உணர்வே வேண்டாம். அன்றைக்கு வெளியே யாரிடம் என்ன பேசினோம், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தமிழில் சொல்லிச் சிரியுங்கள். அதுவே பெரிய படிப்பு.

மொழி வளர வேண்டிய இடம் வெளியேதான். அங்கேதான் தம்பதிகளுக்குச் சிக்கல். இருவரில் ஒருவர் கொஞ்சம் முன்னால் இருப்பார். கடையில், பஸ்ஸில், மருந்துக்கடையில் அவரே வாய் திறப்பார். மற்றவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். இரண்டே வாரத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர், மற்றவர் சுற்றுலாப் பயணி. உங்கள் வீட்டில் யார் எதுவாக மாறுவார் என்பது இப்போதே தெரிகிறது.

என் கதையைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் முன்பு நானும் என் கணவரும் பெருஜாவில் நான்கு மாதம் இருந்தோம். நான் மேற்படிப்புக்கு, அவர் முதல் வகுப்புக்கு. ஒரு நாள் பல்பு வாங்க ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். அவராகவே முன்வந்து, பல்பைக் கையில் தூக்கிக் காட்டி, ‘எவ்வளவு விலை’ என்று கேட்டார். கேட்டதாக நினைத்தார். அவர் வாயிலிருந்து வந்தது ‘எப்போது விலை’. கடைக்காரர் முகத்தில் குழப்பம் தெரிந்த அந்த நொடியில், பழக்க தோஷம், வாத்தியாரம்மா குறுக்கே புகுந்து திருத்தினேன். கடைக்காரருக்கு எதிரிலேயே. விலை என்னவோ உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் எந்தக் கடையிலும் வாயைத் திறக்கவில்லை. ‘நீதான் நல்லாப் பேசறியே’ என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த மூன்று வாரத்துக்கும் அவருடைய வகுப்புக் கட்டணம் வீண். காரணம் நான்.

அவர் செய்த தப்பு தமிழர் எல்லோரும் செய்வது. நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள், போன் செயலி கண்டுபிடித்திருக்காது. இத்தாலியத்தில் ‘எவ்வளவு’ என்பதும் ‘எப்போது’ என்பதும் ஏறக்குறைய ஒரே சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘குவாந்தோ’தான். ‘எவ்வளவு’ என்பதில் வரும் த, ‘பத்து’வில் வருவதுபோல் அழுத்தமாக ஒலிக்க வேண்டும். ‘எப்போது’ என்பதில் வருவது ‘பந்து’வில் வருகிற மெல்லிய த. நம் நாக்கு ‘ந்’தைத் தாண்டியதும் தானாகவே மெல்லிய த-வுக்குப் போய்விடும், ஏனென்றால் தமிழில் அந்த இடத்தில் அழுத்தமான த வருவதே இல்லை. ங், ஞ், ண், ம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வயலைக் குறிக்கும் ‘காம்போ’வில் ப, ‘அப்பா’வில் வருவதுபோல் இருக்க வேண்டும், நாம் ‘அம்பு’ ஆக்கிவிடுவோம். சார் கிளம்புவதற்கு முன்னால் தினம் பத்து நிமிடம் இதை மட்டும் பழகினால்கூடப் போதும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருபவர்கள் உண்டு. அது ஆங்கிலத்துக்குத்தான் சரி, இத்தாலியத்தில் காகிதம் ஆடக்கூடாது.

மற்றபடி தமிழ் தெரிந்தவருக்கு இத்தாலியம் கொடுத்து வைத்த மொழி. சாரிடம் இதைச் சொல்லுங்கள். ‘பேசுகிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டாம் அல்லவா? ‘பார்லோ’ என்றாலும் அப்படியே, பேசுவது யார் என்பதை விகுதியே சொல்லிவிடும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ‘மி பியாச்சே’. ஆங்கிலத்தில் ‘நான் விரும்புகிறேன்’ என்று யோசித்துப் பழகியவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நாம் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறோம், அவர்களும் அப்படியே. ஒற்றை எழுத்தையும் இரட்டை எழுத்தையும் பிரித்துச் சொல்வது அமெரிக்க மாணவர்களுக்குக் கண்ணீர் வரவழைக்கும் பாடம். ‘கனி’யையும் ‘கன்னி’யையும் குழப்பாதவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வயதைச் சொல்லும்போது இந்த இரட்டை ‘ன்’ ரொம்ப முக்கியம். அதை ஒற்றையாக்கிவிட்டால் ‘ஆண்டு’ என்ற சொல் எழுதக் கூச்சப்படும் ஓர் உறுப்பின் பெயராகிவிடும். பாவம், வெள்ளைக்கார மாணவர்கள் தினம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கஷ்டமானது பால். மேசை ஆண், நாற்காலி பெண். ஏன் என்று கேட்கக்கூடாது. உயர்திணை, அஃறிணை என்று ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் வரும், ஆங்கில ‘தி’ போன்ற சிறு சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், வேறு குறுக்குவழி கிடையாது. இன்னொன்று, மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்ல அங்கே ‘அவள்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். வங்கியில் இருந்த சாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

சரி, ஒரே வகுப்பு விஷயம். முதல் நாள் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். நேர்மையாக எழுதினால் நீங்கள் ஒரு வகுப்பு, அவர் ஒரு வகுப்பு. அதுதான் நல்லது. அவரோடு இருக்க வேண்டும் என்று கீழ் வகுப்புக்கு இறங்கிப் போகாதீர்கள். முதல் வாரம் உங்களுக்குப் போரடிக்கும், இரண்டாவது வாரம் நீங்களே அவருக்குப் பதில் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அவருடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெருஜாவின் தொடக்க வகுப்பு அவர் நினைக்கிறபடி இருக்காது. இசைக் கல்லூரியிலோ ஓவியக் கல்லூரியிலோ சேர வந்த சீனப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு ‘ர’ வரவே வராது. சபை அனுப்பி வந்த பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் இருப்பார்கள். ஒபரா பைத்தியம் பிடித்த ஜெர்மானியத் தாத்தா ஒருவராவது நிச்சயம். எல்லோரும் ஒரே மாதிரி உளறுவார்கள். 62 வயது அங்கே யாருக்கும் கண்ணில் படாது. நம் பக்கத்துக்கு வந்த ஓர் இத்தாலியர் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1680-இல் பிறந்த பெஸ்கி, முப்பதை ஒட்டிய வயதில் கப்பலேறி வந்து தமிழை அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, வீரமாமுனிவர் ஆனார், அகராதியே தொகுத்தார். அவருக்கு இருந்த பெரிய வசதியாக நான் நினைப்பது, கடைவீதியில் அவருக்காகப் பேசக் கூடவே ஒரு மனைவி வரவில்லை என்பதுதான்.

இப்போது ஊர். ஃபிளாரன்ஸ் அழகு, சந்தேகமே இல்லை. இன்றைய இத்தாலியத்துக்கு அடிப்படையே அந்த ஊர்ப் பேச்சுதான். ஆனால் அங்கே நீங்கள் திக்கித் திணறி இத்தாலியத்தில் ஒரு காபி கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். தினம் ஆயிரக்கணக்கான பயணிகளைப் பார்க்கிற கடைக்காரருக்கு உங்கள் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெருஜாவில் காத்திருப்பார்கள். வெளிநாட்டவர் வந்து மொழி படிப்பதைத் தொழிலாகவே பார்த்துப் பழகிய ஊர் அது. வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் 1921-இல் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இருக்கிறது, எதிரிலேயே கிறிஸ்துவுக்கு முந்தைய, எத்ருஸ்கர் என்ற பழங்குடி மக்கள் கால நுழைவாயில். சியெனாவிலும் இப்படி ஒரு பல்கலைக்கழகம் உண்டு, அதுவும் நல்ல தேர்வே. ஆனால் என் ஓட்டு பெருஜாவுக்கு. ஃபிளாரன்ஸுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், ஒரு நாள் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூட்டுவலிக்காரரை ஐந்நூறு மீட்டர் உயரத்துக் குன்றின் மேல் இருக்கும் ஊருக்கு அனுப்புகிறேனே என்று கோபப்படாதீர்கள். ஏறுவதற்கு அங்கே வழி செய்து வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து ‘மினிமெத்ரோ’ என்று பெட்டி பெட்டியாக ஒரு குட்டி ரயில், 2008 முதல் ஓடுகிறது, மேலே பழைய ஊரின் ஓரத்தில் கொண்டுபோய் விடும். கீழே பஸ் நிலையத்தின் பக்கமிருந்து வந்தால் நகரும் படிக்கட்டுகள். அவை போகிற வழிதான் விசேஷம். 1540-இல் உப்பு வரிக்கு எதிராக ஊரே கிளர்ந்தது. போப்பாண்டவர் மூன்றாம் பால் அதை அடக்கி, ஒரு தெருக்கூட்டத்தையே அடியில் போட்டு மூடி, மேலே கோட்டை எழுப்பினார். கோட்டையைப் பிற்காலத்தில் மக்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள், புதைந்த தெருக்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. படிக்கட்டுகள் அந்த வீடுகளின் ஊடேதான் ஏறுகின்றன. அந்த ஊர் ரொட்டியில் இன்றைக்கும் உப்பு இருக்காது. அந்த வரியின் கோபத்தால்தான் என்பார்கள். வரலாற்றுக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் ரொட்டிக் கடையில் இந்தக் கதையைக் கேட்டால் கால் மணி நேரம் பேச்சு நிச்சயம்.

படிக்கட்டு எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரின் நடுச் சதுக்கத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் தெரு செங்குத்து. காலையில் இறங்குவது சுகம், மதியம் பசியோடு ஏறுவது சாருக்கு ஆகாது. அதனால் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே, எல்சே பகுதியிலோ கொர்சோ கரிபால்டியின் தொடக்கத்திலோ வீடு பாருங்கள்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் தொலைவது இங்கேதான். என்னிடம் படித்த பையன் ஒருவன் படங்களைப் பார்த்து மயங்கி இங்கிருந்தே முன்பணம் அனுப்பினான். போய் இறங்கினால் அந்த முகவரியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. முதல் ஒரு வாரத்துக்கு மட்டும் விடுதியோ விருந்தினர் அறையோ பதிவு செய்துகொண்டு, நேரில் பார்த்து வீட்டை எடுங்கள். விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள் என்பதால், முழுக் காலத்துக்கும் முன்பே உறுதி செய்ய வேண்டியிருந்தால், பள்ளியின் தங்குமிட அலுவலகம் வழியாகச் செய்யுங்கள். ஒரு மாதம் முதல் 18 மாதம் வரை தங்குபவர்களுக்கென்றே ‘திரான்சிதோரியோ’ என்ற தற்காலிக ஒப்பந்த வகை உண்டு. 30 நாளுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் வரி அலுவலகத்தில் பதிவாக வேண்டும். ‘பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் உரிமையாளரிடம் புன்னகையோடு விடைபெறுங்கள். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வெளிநாட்டவர் குடியேறினால் உரிமையாளர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஒன்று ‘அஷென்சோரே’, லிஃப்ட். அது இல்லாத ‘மூன்றாவது மாடி’ என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள். நம் ஊர்க் கணக்கேதான், தரைத்தளம் மாடியில் சேராது. இன்னொன்று ‘ரிஸ்கல்தமெந்தோ’, வெப்பமூட்டி. அதன் செலவு வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். தனி என்றால் நவம்பர் ரசீது தூக்கிவாரிப்போடும். கட்டடத்துக்கே பொதுவான வெப்பமூட்டி என்றால் பெருஜாவில் வழக்கமாக அக்டோபர் 15-க்கு முன்னால் போட மாட்டார்கள். அதற்கு முந்தின பத்து நாள் ஸ்வெட்டரோடுதான் சமைக்க வேண்டும்.

சமையல் என்றதும் இன்னொரு எச்சரிக்கை. இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது 3 கிலோவாட் மின்சாரம், அவ்வளவுதான். துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது இண்டக்ஷன் அடுப்பையும் போட்டு, சாருக்கு அயர்ன் பாக்ஸும் வேண்டுமென்றால் மெயின் விழுந்துவிடும். சில கட்டடங்களில் மெயின் பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கும், இருட்டில் இறங்கிப் போக வேண்டும். முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவில் என் கருத்து வேறு. ஆறு மாதம் வேண்டாம், 12 வாரம் போங்கள். 90 நாளுக்குள் முடிகிற படிப்பென்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும், பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டிப் படிப்புக்கென்றே கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே போனபின் தங்கும் அனுமதி அட்டைக்கு அலைய வேண்டியதில்லை. 90 நாள் என்பது எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும், நடுவில் பாரிஸ் போனாலும் சேரும். 12 வாரம் என்பது 84 நாள், ஆறு நாள் கையிருப்பு. வங்கிக்காரரிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள்.

ஆறு மாதம்தான் என்று பிடிவாதமாக இருந்தால் நீண்ட காலத் தேசிய விசா வேண்டும், இருவருக்கும் தனித்தனியே படிப்பு விசா. நீங்கள் மாணவி, அவர் துணைவர் என்று போக முடியாது, ஏனென்றால் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ள உங்கள் தங்கும் அனுமதி குறைந்தது ஓராண்டுக்கானதாக இருக்க வேண்டும். போய் இறங்கிய 8 வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் உறை வாங்கி, படிவம் நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டி, கட்டணங்கள் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் காவல் அலுவலகத்தில் வரிசையில் நின்று கைரேகை. அட்டை கைக்கு வரும்போது நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் பயணத்துக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. ஊர் பிடித்துப்போனால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் நடுவில் போய் டிசம்பர் முதல் வாரம் திரும்புங்கள். ஜூலையில் ஜாஸ் விழா, ஊரில் அறையே கிடைக்காது. இலையுதிர்காலத்தில் சாக்லேட் திருவிழா வரும், அந்த நாட்களுக்கு முன்பே நீங்கள் வீட்டில் குடியேறியிருப்பீர்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பக்கத்து த்ராசிமேனோ ஏரிக்கரையில் ‘ஃபஜோலீனா’ என்று ஒரு பயறு விளைகிறது. வாங்கிப் பாருங்கள், நம் தட்டைப்பயற்றின் சொந்தக்காரன்தான், குழம்பு வைக்கலாம். கல்லில் சுடும் தட்டை ரொட்டிக்குள் வதக்கிய கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பார்மிஜானோ, பெக்கோரினோ போன்ற கட்டிகளைச் செய்யக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால் பாலைத் திரிய வைப்பார்கள். நீங்கள் எந்த அளவு சைவம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பெருங்காயமும் புளியும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். காற்றுப் புகாத டப்பாவில், இல்லாவிட்டால் உடுப்பெல்லாம் மணக்கும்.

இனி வெளியே எப்படி நடந்துகொள்வது. வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், பிரித்ததில் தலையிடாதீர்கள். ரொட்டி, மருந்துக்கடை, காபிக்கடை அவருடையது. வீட்டு உரிமையாளர், காய்கறி, பள்ளி அலுவலகம் உங்களுடையது. அவர் ரொட்டி கேட்டுக் கேக்கோடு வந்தால் கேக்கைச் சாப்பிடுங்கள். காய்கறிக் கடையில் நீங்களாகக் கையை நீட்டித் தக்காளியை அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். எந்தக் கடையிலும் ‘புவோன்ஜோர்னோ’ சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் சின்னக் கடைகள் பாதி அடைத்துவிடும், நீங்களும் தூங்கி எழுந்து வீட்டுப்பாடம் எழுதுங்கள்.

இருவரும் சேர்ந்து போகிற இடத்தில் ஒரே ஒரு விதி. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் திருத்தக்கூடாது, எடுத்துக்கொடுக்கவும் கூடாது. அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாலும் கூடாது. ஆசிரியைக்கு இது சிரமம் என்று எனக்குத் தெரியும். நான் கடைசியில் வாசலிலேயே நின்று பூக்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யப் பழகிக்கொண்டேன்.

சாருக்குச் சீட்டாட்டம் உண்டா? உண்டென்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேட்டைக் காபிக்கடைகளில் மதியத்துக்கு மேல் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து நாற்பது சீட்டில் ‘ப்ரிஸ்கோலா’ அல்லது ‘ஸ்கோபா’ ஆடுவார்கள். முதல் வாரம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கட்டும். ஸ்கோபாவில் கூட்டல் கணக்கு, அவருடைய துறை. எண்கள் தானாக நாக்கில் ஏறும், கூடவே வகுப்பில் சொல்லித்தராத சில வசைகளும். சாயங்காலம் கொர்சோ வன்னுச்சியில் ஊரே மேலும் கீழும் நடக்கும். அதற்குச் சேர்ந்தே போங்கள், கோடியில் இருக்கும் நீரூற்றைச் சுற்றிப் பாருங்கள். 1278-இல் முடித்தது, பன்னிரண்டு மாதமும் அந்தந்த மாதத்து வேலையோடு கல்லில் செதுக்கப்பட்டிருக்கும்.

நாலாவது வாரம் இருவருக்கும் ஒருமுறை அலுப்பு தட்டும். மொழி ஏறவே இல்லை என்று தோன்றும், சின்ன வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலிக்கும். அந்த வாரம் ஒரு நாள் நீங்கள் மட்டும் ரயிலேறி அசிசிக்குப் போய் வாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. மறுநாள் அவர் போகட்டும். காகிதப் பயணச்சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம், மறந்தால் அபராதம். பரிசோதகரிடம் கெஞ்சுவதும் பேச்சுப் பயிற்சிதான், ஆனால் விலை அதிகம்.

பி1 தேர்வு உங்களுக்கு எட்டும். பெருஜா பல்கலைக்கழகத்தின் ‘செலி’ தேர்வில் இரண்டாம் நிலை அதற்குச் சமம். ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில்தான் நடக்கும், அதனால் தேதி பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுங்கள். இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ் அவசியம். உங்களுக்கு அது ஆசைக்கு. சாரைத் தேர்வுக்கு இழுக்காதீர்கள். 12 வாரத்தில் அவர் ஏ1 தாண்டி ஏ2-வில் கால் வைத்தாலே நல்ல வேகம்.

அவருடைய முட்டி, அவருடைய கூச்சம், அவர் சாப்பிடும் முட்டை எல்லாமே உங்கள் கையெழுத்தில்தான் வந்திருக்கிறது. நாள் முடிவானதும் அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம். நீங்கள் படித்துப் பார்க்காமல் தபாலில் போட்டுவிடுங்கள்.